சுவரை மூட முன்: பேஸ்மென்ற் உள்ள தமிழ் வீட்டுக்காரருக்கு ஒரு திறந்த மடல்

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ், பிராம்ப்டன் பக்கங்களில் வீடு வாங்கியிருக்கும், வாங்கப்போகும் அண்ணாமார், அக்காமார், தம்பி தங்கைகளுக்கு,



பேஸ்மென்றை இந்த வருடம் முடித்து வாடகைக்கு விடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவர்களை நினைத்துத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன். மோட்கேஜ் கட்டணம் ஏறிய காலத்தில் கீழிருந்து வரும் வாடகை எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும். ஊரிலிருந்து வந்து இறங்கியபோது எங்களில் எத்தனையோ பேர் முதலில் தலை சாய்த்ததும் யாரோ ஒரு தமிழரின் பேஸ்மென்றில்தான். ஆகவே கட்ட வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. டிரைவோல் அடிக்க முன் ஒரு பனி உருகும் காலத்தையாவது வெறும் சுவரோடு விட்டுப் பாருங்கள். தண்ணீரைத் தடுக்கும் செலவை வெளியே தொடங்கி உள்ளே வாருங்கள். என் வேண்டுகோள் இவ்வளவுதான். மிச்சமெல்லாம் அதற்கான காரணங்கள்.

நான் ரொறன்ரோவில் வீட்டுத் திருத்த வேலை செய்கிறவன். பெரும்பாலும் தண்ணீர் வந்த பிறகுதான் என்னைக் கூப்பிடுவார்கள். அதற்குள் சுவர் மூடியிருக்கும், லமினேற் போட்டிருக்கும், குசினிக் கபேட் அடித்திருக்கும், குடியிருப்பவரின் கட்டிலும் வந்து சேர்ந்திருக்கும். அந்த நிலையில் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது என்று தேடவே பாதி அறையை உடைக்க வேண்டும். வெறும் சுவராக இருந்தால் ஒரு டோர்ச் லைற்றோடு சுற்றி வந்து கண்ணாலேயே கண்டுபிடித்துவிடலாம்.

நாங்கள் வளர்ந்த வீடுகளில் நிலத்துக்குக் கீழே அறை கிடையாது. அத்திவாரத்தை உயர்த்திக் கட்டி, இரண்டு மூன்று படி ஏறித்தான் விறாந்தைக்குப் போவோம். முற்றத்தில் வெள்ளம் நின்றாலும் வீட்டுக்குள் வராது. இங்கே குளிர்காலத்தில் மண் ஒரு மீற்றருக்கு மேலேயும் உறையக்கூடும் என்பதால் அத்திவாரத்தை அதற்குக் கீழே இறக்க வேண்டியிருக்கிறது. இறக்கிய பின் அந்த இடத்தை வீணாக்காமல் அறையாக்கிக்கொள்கிறார்கள். அதனால் இங்கே வீடுகள் ஈர மண்ணுக்குள் இறங்கி நிற்கின்றன. இது எங்களுக்குப் பழக்கமில்லாத வீடு. ஆனால் நிலத்தடி நீர் எங்களுக்குப் பழக்கமில்லாததல்ல. மாரியில் கிணற்றுத் தண்ணீர் கட்டுக்குக் கிட்ட ஏறுவதையும் கோடையில் அடிக்கு இறங்குவதையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். பேஸ்மென்றும் ஒரு கிணறு மாதிரித்தான்: சுற்றியுள்ள மண்ணில் நீர்மட்டம் ஏறினால் அது உள்ளே வரப் பார்க்கும்.

ரொறன்ரோவில் அந்த ஏற்றம் பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் வரும். மேல்மண் இன்னும் உறைந்திருக்கும்போதே பனி உருகும், மழையும் சேரும். பல இடங்களில் கீழே இருப்பது களிமண். அது தண்ணீரைக் கெதியில் கீழே விடாது. வீடு கட்டும்போது சுவரைச் சுற்றித் தோண்டிப் பிறகு நிரப்பிய மண் மட்டும் இளக்கமாக இருக்கும். சுற்றியுள்ள தண்ணீர் அந்த இளக்கமான மண்ணைத் தேடி வந்து சுவரோரம் தேங்கும். அந்த மண் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல அமரும். அமர அமர, வெளியே சரிந்திருந்த நிலம் வீட்டுப் பக்கம் சரியத் தொடங்கும். புது வீடு வாங்கியவர்கள் இதை விசேஷமாகக் கவனிக்க வேண்டும்.

காசை எடுக்க முன், தண்ணீர் எந்த வழியால் வருகிறது என்று அறியுங்கள். கூரையும் முற்றமும் தரும் மேல்தண்ணீர் ஒன்று. மண்ணுக்குள் இருந்து அழுத்தி வரும் நிலத்தடித் தண்ணீர் இன்னொன்று. தெருக்குழாய் நிரம்பித் திரும்பி வரும் கழிவுத் தண்ணீர் மூன்றாவது. ஒன்றுக்கான மருந்து மற்றதற்குச் சரிவராது. சுவருக்கு வெளியே எவ்வளவு நல்ல ரப்பர் படலம் ஒட்டினாலும், தரையிலுள்ள வடிகால் வாயால் பொங்கும் கழிவை அது தடுக்காது. மழை தொடங்கிச் சில மணி நேரத்துக்குள், சுவரில் ஓரிடத்தில் மட்டும் ஈரம் தெரிந்தால் அநேகமாகக் கூரைத் தண்ணீர், அல்லது பேஸ்மென்ற் யன்னலுக்கு வெளியே உள்ள யன்னல் குழியில் தேங்கியது. மழை விட்டு ஒரு நாள் கழித்து, சுவரும் தரையும் சந்திக்கும் மூலை நெடுகக் கசிந்தால் நிலத்தடித் தண்ணீர். வடிகால் வாயால் மணத்தோடு ஏறினால் அது எதுவென்று சொல்லத் தேவையில்லை.

ஜூலை மாதப் புழுக்கத்தில் சுவர் வேர்ப்பதும் உண்டு. அதைக் கசிவு என்று நினைத்து ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்கள் இருக்கிறார்கள். பிரித்தறிய ஒரு சுலபமான வழி: ஒரு துண்டுத் தெளிவான பிளாஸ்ரிக்கைச் சுவரில் நாலு பக்கமும் ரேப் போட்டு இறுக்கி ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். பிளாஸ்ரிக்கின் அறைப் பக்கம் ஈரமென்றால் அது காற்றின் ஈரம், டீஹியூமிடிஃபயர் போதும். சுவர்ப் பக்கம் ஈரமென்றால் தண்ணீர் கொங்கிறீற்றுக்குள்ளால் வருகிறது.

இனி கூரை. இந்த மடலில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். 100 சதுர மீற்றர் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் 2,500 லீற்றர் தண்ணீர் பீலிக்கு வருகிறது. பீலியிலிருந்து இறங்கும் குழாய் சுவரடியில் முடிந்தால், அந்தத் தண்ணீரெல்லாம் நான் மேலே சொன்ன இளக்கமான மண்ணுக்குள்தான் போகும். குழாயின் முனையைச் சுவரிலிருந்து இரண்டு மீற்றராவது தள்ளி, வெளிப் பக்கம் சரியும் நிலத்தில் விட வேண்டும். அயலவரின் காணிக்குள் அல்ல. சுவரோரம் முதல் மூன்று மீற்றரில் நிலம் 15 சென்ரிமீற்றராவது இறங்க வேண்டும். நிரப்புவதற்குக் களிமண் கலந்த மண்ணை அடித்து இறுக்குங்கள். பூக்கன்றுக்குப் போடும் கறுத்த மண் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இலையுதிர்காலத்தில் பீலியைத் துப்புரவு செய்யுங்கள். யன்னல் குழியின் அடியில் வடிகால் இருக்கிறதா, அது இலைகளால் அடைத்திருக்கிறதா என்று கையை விட்டே பாருங்கள். சனி ஞாயிற்றில் ஒரு சவளும் ஒரு தள்ளுவண்டியும் இருந்தால் முடிகிற வேலைகள் இவை.

சவளும் தள்ளுவண்டியும் எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு நான் பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். ஸ்காபரோவில், ஐம்பதுகளில் கட்டிய ஒரு பங்களோ. கீழே படுக்கையறை முடித்து அதிக காலம் ஆகவில்லை. அறைக்குள் போனதுமே ஊறிய கடதாசியின் மணம். சுவரடிப் பலகை வீங்கி, ஆணித் தலைகளைச் சுற்றித் துருவின் வளையம். தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்கு டிரைவோலை அறுத்து எடுத்தேன். பின்பக்கம் முழுக்கக் கறுத்த பூஞ்சணம். கண்ணாடி நார்ப் பஞ்சு நனைந்து தொய்ந்து தன் பாரத்திலேயே கீழே சரிந்திருந்தது. அதற்குப் பின்னால் புளொக் சுவரில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளை உப்புப் பூத்திருந்தது. விரலால் தொட்டால் செதிளாக உதிர்ந்தது. வெளியே போய் அதே இடத்தைப் பார்த்தால், பீலிக்குழாயின் முழங்கை சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி முடிந்திருந்தது. அதன் வாய்க்குக் கீழே மண் குழிந்து, அந்தக் குழியில் தண்ணீர் நின்றது. முழு வீட்டையும் சுற்றித் தரையை உடைத்து உள்வடிகால் போட வேண்டும் என்று அவர்களுக்கு வேறொருவர் பெரிய தொகை எழுதிக் கொடுத்திருந்தார். நாங்கள் குழாயை நீட்டினோம், குழியை நிரப்பிச் சரிவு கொடுத்தோம். சுவரைத் திறந்தபடியே அடுத்த வசந்தம் வரை விட்டோம். சுவர் காய்ந்தே இருந்தது. ஆனால் உள்ளே அறுத்தெறிந்த சுவர், பஞ்சு, தரை எல்லாவற்றுக்கும் அந்தக் குடும்பம் இரண்டாவது தடவை காசு கொடுக்க வேண்டியிருந்தது.

எல்லா வீடும் இப்படிச் சுலபமாக முடியாது. சுவர் எந்த வகை என்பது முக்கியம். நகர மையத்துப் பழைய வீடுகளில் செங்கல் அல்லது கல் அத்திவாரம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கட்டிய பங்களோக்கள் பலவற்றில் கொங்கிறீற் புளொக்; அதன் உள்ளே வெறுமையான அறைகள் இருப்பதால் ஓரிடத்தில் புகுந்த தண்ணீர் சுவருக்குள்ளேயே நடந்து வேறோரிடத்தில் வெளிவரும். பின்னால் வந்த வீடுகளில் வார்த்த கொங்கிறீற். வார்த்த சுவரில் ஒரே ஒரு வெடிப்பு மட்டும் ஒழுகினால் அதற்குள் பொலியூரிதேன் ஊசி போட்டு அடைக்கலாம். அதற்காக முற்றத்தைத் தோண்ட வேண்டியதில்லை. புளொக் சுவருக்கு அந்த வைத்தியம் ஒத்துவராது.

கூரைத் தண்ணீரைத் தள்ளி விட்ட பின்னும் சுவர் நனைந்தால், முழுமையான தீர்வு வெளியே தோண்டுவதுதான். அத்திவாரத்தின் பாதம் வரை தோண்டி, சுவரைக் கழுவி, வெடிப்புகளைச் சீமெந்தால் பூசி, அதன் மேல் ரப்பர் படலம் ஒட்டுவார்கள். அதற்கும் மேலே, தண்ணீர் தடையில்லாமல் கீழே வடிய டிம்பிள் போர்ட் என்ற புடைப்புகள் உள்ள பிளாஸ்ரிக் பாய். அடியில் புதிய வீப்பிங் டைல். அதாவது பாதத்தை ஒட்டிச் சுற்றி ஓடும் துளைக்குழாய். அதைச் சுற்றி மண் கலக்காத சல்லியும் வடிதுணியும். பழைய வீடுகளில் இந்தக் குழாய் சுட்ட களிமண் துண்டுகளால் ஆனது. வேரும் சேறும் புகுந்து அடைத்துப் போயிருக்கும். கொன்ராக்டரிடம் இந்த அடுக்குகளை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சுவரில் கறுத்த தார் மட்டும் பூசுவது ஈரத்தைத் தடுக்கும். அழுத்தத்தோடு நிற்கும் தண்ணீரைத் தடுக்காது. மூட முன் ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து வையுங்கள். தோண்டுவதற்குச் சில நாட்களுக்கு முன்பே ஒன்ராறியோ வன் கோலுக்குப் போன் எடுங்கள். வாயு, மின்சாரக் குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்று இலவசமாகக் குறித்துத் தருவார்கள். அப்படிப் போன் எடுப்பது சட்டமும்கூட.

பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவர், டிரைவே, மேடை என்று வெளியே தோண்ட இடமில்லாத வீடுகளும் உண்டு. அங்கே உள்வடிகால் போடுவார்கள்: உட்புறத் தரையின் ஓரத்தை உடைத்து, துளைக்குழாய் பதித்து, வரும் தண்ணீரை ஒரு குழிக்குக் கொண்டுபோய் பம்ப்பால் வெளியேற்றுவது. வேலை செய்யும், செலவும் குறைவு. ஆனால் சுவர் நனைந்தபடியேதான் இருக்கும் என்பதை விற்க வருகிறவர் சொல்லாவிட்டாலும் நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். உட்பக்கம் பூசும் வோட்டர்புரூஃப் பெயின்றை நம்பி மட்டும் சுவரை மூடாதீர்கள். பின்னாலிருந்து தள்ளும் தண்ணீர் அதைக் கொப்பளமாக எழுப்பி உரித்துவிடும்.

கழிவுத் தண்ணீருக்கு வருகிறேன். 2013 ஜூலை 8ஆம் தேதி மாலை பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பெய்தது. ஜூலை மாதம் முழுவதற்கும் வழக்கமாகப் பெய்வதைவிட அது அதிகம். 2024 ஜூலை 16 அன்று கிட்டத்தட்ட 98 மில்லிமீற்றர். டொன் வலி பார்க்வேயில் வாகனங்கள் மூழ்கியதை எல்லாரும் பார்த்தோம். இப்படியான நாட்களில் தெருக்குழாய்கள் கொள்ள முடியாமல் நிரம்பும். நிரம்பியது, தெருவிலேயே ஆகப் பதிந்த வாயைத் தேடும். அது உங்கள் பேஸ்மென்றின் தரை வடிகாலாக இருக்கலாம், கீழ் மலசலகூடமாக இருக்கலாம்.

இதைத் தடுப்பது பாக்வோட்டர் வால்வு. வீட்டிலிருந்து தெருவுக்குப் போகும் கழிவுக் குழாயில் பதிக்கும் ஒரு மடல் கதவு அது. தண்ணீர் வெளியே போகவிடும், திரும்பி வந்தால் மூடிக்கொள்ளும். நகரசபை அனுமதியோடு, லைசென்ஸ் உள்ள பிளம்பர் செய்ய வேண்டிய வேலை. வால்வு போட்ட பலருக்கு ஒரு விசயத்தை யாரும் சொல்லுவதில்லை: கதவு மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போக முடியாது. வெளியே பேய்மழை கொட்டும்போது மேலே ஒருவர் குளித்து, இன்னொருவர் வோஷிங் மெஷின் போட்டால் அந்தத் தண்ணீர் முழுக்கக் கீழே தரை வடிகாலால் வரும். பீலிக்குழாயோ வீப்பிங் டைலோ வால்வுக்கு உட்புறமாக அதே குழாயில் இணைந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். உங்கள் கூரைத் தண்ணீரே உங்கள் வீட்டை நிரப்பும். அதனால்தான் வால்வு போட முன் அந்த இணைப்புகளைத் துண்டிக்க வேண்டும். பீலிக்குழாயைக் கழிவுக் குழாயிலிருந்து துண்டிக்க வேண்டும் என்பது ரொறன்ரோவில் எப்படியும் சட்டம்.

எங்கள் சமையலைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. பொரித்த எண்ணெய், இறைச்சிக் கறியின் கொழுப்பு, கழுவி ஊற்றும் சோற்றுப் பருக்கை எல்லாம் சிங்கால் போய்க் குளிர்ந்த குழாயில் உறைகின்றன. வால்வின் மடலில் அப்படியொரு கட்டி ஒட்டியிருந்தால், தேவைப்படும் இரவில் அது முழுக்க மூடாது. எண்ணெயை ஒரு பழைய ரின்னில் ஊற்றி ஆறவிட்டு எறியுங்கள். சட்டியைக் கழுவ முன் கடதாசியால் துடையுங்கள். வால்வின் மூடியைத் திறந்து வருடத்துக்கு இரண்டு தடவையாவது துப்புரவு செய்யுங்கள். அந்த மூடிக்கு மேல் தரை ஓடு பதித்து மறைத்துவிடாதீர்கள். அப்படி மறைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

குழியில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் சம்ப் பம்ப் இருப்பவர்கள் வசந்தத்துக்கு முன் ஒரு வாளி தண்ணீரைக் குழிக்குள் ஊற்றி, மிதவை எழுந்து பம்ப் தொடங்குகிறதா என்று பாருங்கள். பெருமழையும் மின்வெட்டும் சேர்ந்தே வரும். 2013இல் லட்சக்கணக்கான வீடுகளுக்கு மின்சாரம் இல்லாமல் போனது. ஆகவே பற்றரியில் ஓடும் இரண்டாவது பம்ப் ஆடம்பரம் இல்லை. வெளியே போகும் குழாயின் வாய் குளிர்காலத்தில் உறைந்து அடைக்கிறதா என்றும் பாருங்கள்.

காசு விசயம். வால்வு, சம்ப் பம்ப், வீப்பிங் டைல் துண்டிப்பு ஆகியவற்றுக்கு ரொறன்ரோ நகரசபை மானியம் கொடுக்கிறது. நகரசபையின் 311 இலக்கத்துக்குப் போன் எடுத்து இந்த வருடத் தொகையையும் நிபந்தனைகளையும் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மார்க்கத்திலும் இதுபோன்ற திட்டம் இருக்கிறது. புது வீடு என்றால், பேஸ்மென்ற் சுவரால் தண்ணீர் புகுவதற்கு ராரியன் உத்தரவாதம் இரண்டு வருடம். அதற்குள் எழுத்தில் முறையிட வேண்டும். இன்சூரன்சில், கழிவு திரும்புவதற்கும் வெள்ளத்துக்குமான பாதுகாப்பு வழக்கமாகத் தனியாகச் சேர்க்க வேண்டியவை. சுவரால் மெல்லக் கசிவதைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். கீழே வாடகைக்கு ஆள் இருக்கிறார் என்பதையும் கம்பனிக்குச் சொல்லிவையுங்கள். அதை மறைத்து எடுத்த பாதுகாப்பு, தேவைப்படும் நாளில் கைவிடக்கூடும்.

இவ்வளவும் செய்து, ஒரு வசந்தத்தையும் பார்த்து, சுவர் காய்ந்திருக்கிறதென்றால் முடியுங்கள். அப்போதும் டிரைவோலின் அடி கொங்கிறீற்றைத் தொட வேண்டாம், அரை அங்குலம் தூக்கி அடியுங்கள். காப்புக்குக் கண்ணாடி நார்ப் பஞ்சைவிடச் சுவரோடு ஒட்டிய கட்டி ஃபோம் நல்லது. காபெற் வேண்டாம். நனைந்த பொருளில் ஒன்றிரண்டு நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும்.

கடைசியாக, கீழே இருக்கப்போகிறவரைப் பற்றி. 2021 செப்ரெம்பர் 1 இரவு, ஐடா புயலின் மிச்ச மழை நியூயோர்க்கில் கொட்டியது. சென்றல் பார்க்கில் ஒரே மணி நேரத்தில் 80 மில்லிமீற்றர். அந்த நகரத்தில் இறந்த 13 பேரில் 11 பேர் பேஸ்மென்ற் வீடுகளில் இறந்தார்கள், பெரும்பாலும் குயீன்ஸ் பகுதியில். எங்களைப் போலவே பிழைக்க வந்த சனம் நிறைந்த பகுதி அது. இங்கே ஒன்ராறியோவில் வீட்டை நல்ல நிலையில் வைத்திருக்கும் பொறுப்பு சட்டப்படி வீட்டுக்காரருடையது. குறையைத் தெரிந்துகொண்டுதான் வாடகைக்கு வந்தார் என்று சொல்லி அதிலிருந்து விலக முடியாது. ஆனால் சட்டத்துக்காக இதை நான் எழுதவில்லை. உங்கள் வீட்டில் கீழே படுத்திருப்பவர் எங்கள் ஊரிலிருந்து நேற்று வந்த ஒரு பிள்ளையாக இருக்கலாம், ஸ்ருடன்ற் விசாவில் வந்து இரவு வேலை முடித்துப் படுத்திருப்பவராக இருக்கலாம். தண்ணீர் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நீங்கள் சொல்லுங்கள். படுக்கையறை யன்னல் ஒரு ஆள் வெளியேறும் அளவு திறக்கிறதா என்று அவரை வைத்தே திறந்து பாருங்கள். தரையில் தண்ணீர் நின்று, பிளக் பொயின்ற்றைத் தொட்டிருந்தால் அதற்குள் கால் வைக்கக்கூடாது, பொருட்களை எடுக்க நிற்கக்கூடாது என்று சொல்லுங்கள். ரெனன்ற் இன்சூரன்ஸ் எடுக்கச் சொல்லுங்கள். முன்பு தண்ணீர் வந்த வீடென்றால் அதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். பெருமழை எச்சரிக்கை வரும் இரவில் எந்த நேரமென்றாலும் மேலே வந்து கதவைத் தட்டலாம், மேலேயே படுக்கலாம் என்று வீட்டுத் திறப்பைக் கொடுக்கும் நாளிலேயே சொல்லிவையுங்கள்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு திருத்த வேலைக்காரன்